பாழ்நிலமும் புல்வெளியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மிசௌரி நதியைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்லும் 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் கோடைகாலத்தில் ஓடும் கார்களிற் பெரும்பாலானவை, நான்கு ஜனாதிபதிகளின் முகங்கள் கருங்கல்லிற் செதுக்கப்பட்டிருக்கும் ரஷ்மோர் மலையைக் காணப் போகின்றவை. மினியாபொலிஸ், சிகாகோ முதலிய நகரங்களில் உத்தியோகம் பார்க்கும் நம் தமிழ்க் குடும்பத்தாருடைய கார்களும் அவற்றில் உண்டு. வழியில் சாலையை விட்டுத் தெற்கே சிறிது தூரம் விலகினால் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது என்பதை அறிந்தவர்கள், அதற்கென்று இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, வளைந்து செல்லும் பாதையில் நாலைந்து இடங்களில் இறங்கி, கூர்த்த மண்சிகரங்களைப் பின்னணியாக வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, வால் என்னும் சிற்றூரில் ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் வந்துபோகும் ஓரிடத்தை அவ்வாறு பார்ப்பதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அவர்கள் மனத்தில் எடுத்துச் செல்லும் அபிப்பிராயம், அதாவது சிருஷ்டி காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே மனிதன் கைபடாமற் கிடக்கும் பிரதேசமொன்றைக் கண்டோம் என்னும் அபிப்பிராயம், எவ்வளவு தூரம் உண்மை என்பது விசாரிக்கத் தக்கது.

விசாரித்த அளவில் எனக்குத் தோன்றுவது இது: அங்கே மனிதன் தலையீடின்றி நடந்துகொண்டிருப்பது மண் கரைவது ஒன்றுதான். புல்லில் ஒரு பகுதி ஏர் கண்டு அழிந்தது. பிராணிகளிற் பல அடியோடு துடைத்தெடுக்கப்பட்டு, மிகுந்த பிரயாசையுடன் வேறிடங்களிலிருந்து திரும்பக் கொண்டுவந்து விடப்பட்டன. அந்த நிலத்துக்கு உரியவர்களான லக்கோட்டா மக்களை அப்புறப்படுத்திய கணக்கோ இன்னும் தீரவில்லை. இயற்கைக் காட்சி என்று நாம் நின்று பார்ப்பதிற் பெரும்பகுதி சென்ற நூறாண்டுகளின் சரித்திரம்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். வடக்கேயிருந்து வருபவருக்குப் பூங்கா இருப்பதற்கான அடையாளமே கடைசிவரை புலப்படாது. தட்டையான புல்வெளி, வேலிக்கம்பிகள், அங்கங்கே கோதுமை வயல். இவற்றுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பூமி அறுந்து, பல நூறு அடி கீழே இன்னொரு சமவெளி விரிகிறது. மேல்வெளிக்கும் கீழ்வெளிக்கும் இடையே பல மைல் நீளத்துக்கு ஓடும் இந்தச் செங்குத்தான விளிம்பைத்தான் அவ்வூரார் 'சுவர்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் சுவர் என்று பொருள்படும் வால் என்ற ஊர்ப்பெயரும் அதிலிருந்தே வந்தது. அந்தச் சுவரை வெள்ளை நதியும் அதன் ஓடைகளும் மழையும் உறைபனியும் அரித்து அரித்து உண்டாக்கிய கோபுரங்கள், கணவாய்கள், கத்தி முனைபோன்ற முகடுகள் ஆகியவற்றின் தொகுதியே பேட்லாண்ட்ஸ்.

இந்தச் சுவரின் குறுக்குவெட்டில் பூமியின் பழைய காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் கிடக்கும் கருநிறக் களிப்பாறை, ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டத்தை இரண்டாகப் பிளந்து நின்ற ஆழமற்ற சமுத்திரத்தின் அடிச்சேறு. சிப்பிகளும் மோசசார் என்னும் ராட்சத நீர்ப்பல்லிகளும் அதில் புதைந்திருக்கின்றன. கடல் வற்றியபின் அச்சேறு காட்டுநிலமாகி, வெயிலிலும் மழையிலும் பக்குவப்பட்டதன் விளைவாக, மேற்பகுதியில் மஞ்சள் குன்றுகள் எனப்படும் கண்கவர் அடுக்கு உண்டாயிற்று. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்டிருப்பது 3 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சாட்ரன் அடுக்கு. முதலைகள் வாழ்ந்த வெப்பமான சதுப்புக் காலத்தது அது. அதற்கும் மேலே, செம்மையும் வெளிர்மஞ்சளும் மாறி மாறி வரும் ப்ரூல் அடுக்கு இருக்கிறது. தட்பவெப்பம் வறண்டு, காடு பின்வாங்கிப் புல் முன்னேறிய காலத்தை அது காட்டுகிறது. அந்தச் சிவப்புப் பட்டை ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் செடி முளைத்த தரையாக இருந்து பிறகு புதைந்துபோன மண். இவற்றுக்கெல்லாம் மேலே, 3 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கே வெகுதொலைவில் வெடித்த எரிமலைகள் காற்றில் அனுப்பிய சாம்பல் வெண்படலமாகப் படிந்திருக்கிறது.

கட்டி முடிக்க இத்தனை கோடி ஆண்டுகள் ஆனதை இடிக்கும் வேலை தொடங்கி ஐந்து லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. இங்கே நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கரைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்னும் ஐந்து லட்சம் ஆண்டுகளில் இந்தச் சிகரங்கள் முற்றிலும் இல்லாமற் போய்விடும். ரஷ்மோர் மலை இருக்கும் கருங்குன்றுகளின் கிரானைட் கல் ஓர் அங்குலம் தேய்வதற்குப் பத்தாயிரம் ஆண்டு பிடிக்கிறது என்பதை இதனோடு ஒப்பிட்டால், ஒரே பிரயாணத்தில் பார்க்கப்படும் இவ்விரு இடங்களுக்கும் உள்ள தாரதம்மியம் விளங்கும்.

இந்த மண்ணின் சுபாவத்தைக் கையால் தொட்டே அறியவேண்டும். உலர்ந்திருக்கும்போது குன்றின் மேற்பரப்பு சோளப்பொரியைப் பரப்பியதுபோல் பொருபொருவென்று வெடித்து, காலை வைத்தால் நொறுங்கும். எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பெண்டோனைட் என்னும் களி இதில் மிகுதியாகக் கலந்திருப்பதால், ஒரு மழை பெய்ததும் அதே மண் தண்ணீரை உறிஞ்சி உப்பி, சோப்பைப்போல் வழுக்கத் தொடங்குகிறது. சப்பாத்தின் அடியில் ஒட்டியது அடுத்த அடியில் இன்னும் சிறிது மண்ணைச் சேர்த்துக்கொள்ள, பத்தடி நடப்பதற்குள் கால் ஒவ்வொன்றும் தூக்கமாட்டாத பாரமாகிவிடும். அவ்வூரார் இதனைக் 'கம்போ' என்பார்கள். மழை வந்தால் மண்சாலையில் வண்டியை எடுக்கமாட்டார்கள். ஓடைநீர் பாலைப்போல் வெளுத்து ஓடும். அதில் கலந்திருக்கும் நுண்மண் எளிதில் அடியில் தங்காது, வடிகட்டியையும் அடைத்துவிடும். ஆகையால் பூங்காவின் உட்பகுதியில் நடப்பவர் குடிக்கும் தண்ணீர் முழுவதையும் தாமே சுமந்துசெல்ல வேண்டும்.

இப்படிக் கரையும் மண்ணிலிருந்து எலும்புகள் வெளிப்படுகின்றன. லக்கோட்டா மக்கள் இவ்வெலும்புகளையும், இவற்றோடு கிடந்த கடற்சிப்பிகளையும் ஆமையோடுகளையும் கண்டு, இந்நிலம் ஒருகாலத்தில் நீரில் மூழ்கியிருந்தது என்று சரியாகவே ஊகித்திருந்தார்கள். விஞ்ஞான உலகத்துக்கு இச்செய்தி எட்டியது 1846-ஆம் ஆண்டில். செயிண்ட் லூயிஸ் நகரத்து வைத்தியர் ஹைரம் ப்ரௌட், உரோம வியாபாரிகள் வழியாகத் தமக்குக் கிடைத்த பெரிய தாடையெலும்பின் துண்டொன்றை விவரித்து எழுதினார். அது டைட்டானோதீர் என்னும், காண்டாமிருகத்தைப் போன்ற தோற்றமுடைய மிருகத்தினுடையது என்று பிற்பாடு தெரிந்தது. மறு ஆண்டில் ஜோசப் லீடி என்ற பிலடெல்பியாப் பண்டிதர் இங்கிருந்து வந்த இன்னொரு எலும்பைக் கொண்டு ஆதி ஒட்டகமொன்றை அடையாளம் காட்டினார். ஒட்டகக் குலமும் குதிரைக் குலமும் வட அமெரிக்காவில் தோன்றியவை என்ற உண்மையை நிலைநாட்டியதில் இந்த மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. நாயளவே உயரமும் காலுக்கு மூன்று விரல்களும் கொண்ட மெசோஹிப்பஸ் என்னும் குதிரை இங்கே ஏராளமாக அகப்படுகிறது.

புதைபடிவங்களின் விஷயத்தில் பிரயாணிகளின் பங்கும் சிறிதன்று. 1993-இல் வந்த இருவர், மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முதுகெலும்பொன்றைக் கண்டு பூங்கா அதிகாரிகளிடம் தெரிவித்தார்கள். பன்றியை ஒத்த பழைய மிருகம் என்று கருதி, நாலு நாளில் தோண்டி எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை, ஒவ்வொரு கோடையிலும் நீண்டு 2008 வரை பதினைந்து ஆண்டுகள் நடந்தது. 19,000-க்கு மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன. பன்றி என்று நினைத்தது கொம்பில்லாத சிறு காண்டாமிருகம் என்று தெரிந்த பின்னும், 'பெரிய பன்றித் தோண்டல்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. வறட்சியில் சுருங்கிய நீர்க்குட்டையொன்றைத் தேடி வந்த பிராணிகள் சேற்றில் சிக்கி மாண்ட இடம் அது. 2010-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, வரவேற்பு நிலையத்துக்கு அருகிலேயே, வாட்பல் பூனையை ஒத்த வேட்டைமிருகமொன்றின் மண்டையோட்டைக் கண்டு சொன்னாள். கண்டதை எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்வதே அங்குள்ள விதி. மண்ணில் அது எந்த அடுக்கில், எதன் பக்கத்திற் கிடந்தது என்பது போய்விட்டால் எலும்பின் மதிப்பில் பாதிக்கு மேல் போய்விடும்.

இனிப் புல்லுக்கு வருவோம். படமெடுப்போர் சிகரங்களுக்கே முகங்காட்டி நிற்கிறார்கள். ஆனால் ஏறத்தாழ 2,44,000 ஏக்கர் விஸ்தீரணமுள்ள இப்பூங்காவிற் பெரும்பகுதி புல்வெளியே. கிழக்கே மழை மிகுந்த பகுதியில் ஆள் உயரம் வளரும் புல்லுக்கும், மேற்கே மலையடிவாரத்தில் சாணுயரமே வளரும் புல்லுக்கும் இடைப்பட்ட கலப்புப் புல்வெளி இது. கோதுமைப்புல்லும் எருமைப்புல்லும் நீலக் கிராமாவும் பின்னி வளரும் தரையில் பூச்செடிகளையும் சேர்த்து நானூறுக்கு மேற்பட்ட தாவர வகைகள் எண்ணப்பட்டிருக்கின்றன. தேசியப் பூங்காக்களிற் காக்கப்படும் கலப்புப் புல்வெளிகளில் இதற்கு நிகரான பரப்பு வேறில்லை. அமெரிக்கர்கள் மலைகளையும் அருவிகளையும் காக்க முற்பட்ட வேகத்தில் நூற்றிலொரு பங்குகூடப் புல்லைக் காப்பதிற் காட்டவில்லை என்பது என் எண்ணம். உழுவதற்கு ஏற்ற சமதரையைக் காட்சிப்பொருளாகக் கருத யாருக்கும் தோன்றவில்லை போலும்.

உழுதுதான் பார்த்தார்கள். 1862-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறுவோருக்கு 160 ஏக்கர் இலவசமாகத் தந்தது. இந்த வறண்ட பூமியில் அது போதாது என்று தெரிந்து பின்வந்த சட்டங்கள் அதனை 320-ஆகவும் 640-ஆகவும் உயர்த்தின. புற்கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டிக்கொண்டு வந்தமர்ந்தவர்களிற் பலர், சில ஆண்டுகளிலேயே மழை பொய்த்தும் வெட்டுக்கிளி விழுந்தும் கடன்பட்டும் வெளியேறினார்கள். 1930-களின் பெருவறட்சி மிச்சமிருந்தோரையும் விரட்டியது. கைவிடப்பட்ட அந்த நிலங்களை அரசாங்கம் விலைக்கு வாங்கித் திரும்பப் புல்லாக விட்டது. பூங்காவைச் சூழ்ந்திருக்கும் பஃபலோ கேப் தேசியப் புல்நிலம் இப்படி உண்டானதே.

பூங்காவின் பிறப்பே சுவாரசியமானது. செனட்டர் பீட்டர் நார்பெக் என்பவரின் விடாமுயற்சியால் 1929 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. ஆனால் மாநிலம் முதலில் சிகரங்களுக்கு ஊடே சாலை போட்டு முடிக்கவேண்டும் என்ற நிபந்தனை அச்சட்டத்திலேயே இருந்தது; சாலை முடிந்த பிறகே, 1939 ஜனவரியில், ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இதனைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்தார். காரிலிருந்து பார்ப்பதற்கென்றே வகுக்கப்பட்ட இடம் இது. இன்றைய பிரயாணி காரை விட்டு இறங்காமற் போவதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தேசியப் பூங்கா என்ற அந்தஸ்து 1978 நவம்பர் 10-ஆம் தேதி கிடைத்தது. அதே நாளில் அதே அந்தஸ்தைப் பெற்ற மற்றொன்று, வடக்கு டகோட்டாவிலுள்ள தியோடர் ரூஸ்வெல்ட் பூங்கா. 1883-இல் பைசன் வேட்டைக்கென்று அங்கே வந்த இளைஞர், பின்னாளில் ஜனாதிபதியாகி வனப் பாதுகாப்பில் முனைந்ததற்கு அந்தப் பாழ்நிலத்தில் அவர் கழித்த காலமும் ஒரு காரணம். நிலக்கரி அடுக்குகள் தாமே தீப்பற்றிச் சுட்டுச் சிவந்த மண்ணும், லிட்டில் மிசௌரி நதிக் கரையோரத்துப் பருத்திமரங்களும் அங்கே உண்டு. பசுமையை விரும்புவோர் வடக்கே போகலாம். மண்ணின் நிர்வாணத்தைக் காண விரும்புவோருக்குத் தெற்கே ஏற்றது.

பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று கோடிக்குக் குறையாமல் இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். அந்நூற்றாண்டு முடிவதற்குள் சில நூறுகளாகிவிட்டன. தோல் வியாபாரமும், தோலைக் கொண்டுசெல்ல இருப்புப்பாதையும், காட்டெருமை அழிந்தால் அதனை நம்பி வாழும் பழங்குடிகள் தாமே பணிவர் என்ற ராணுவத்தாரின் எண்ணமும் ஒன்றுசேர்ந்த நாசம் அது. இப்பூங்காவில் இன்று மேயும் ஏறத்தாழ 1,200 பைசன்கள், 1963-இல் தியோடர் ரூஸ்வெல்ட் பூங்காவிலிருந்து லாரியில் வந்திறங்கிய ஐம்பது உருப்படிகளோடு தொடங்கிய மந்தை. அவற்றைச் சுற்றி வேலி இருக்கிறது; வேட்டையாட ஓநாய் இல்லை; ஆகையால் அவ்வப்போது ஓட்டிப் பிடித்து, மிகுதியானவற்றைப் பழங்குடிகளின் மந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். 'காட்டு' மிருகம் என்ற அடைமொழி இதற்குப் பொருந்துமா என்று வாதிக்கலாம். ஆனால் ஜூலை மாதத்தில், ஒரு டன் எடையுள்ள கடா, தரையிற் புரண்டு புழுதியெழுப்பிவிட்டு எழுந்து, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது அருகில் காரிலிருப்பவருக்கு அந்த வாதம் நினைவுக்கு வருவதில்லை. நூறு கஜம் விலகி நிற்கவேண்டும் என்பது விதி.

பெருங்கொம்பு மலையாடுகளின் கதையும் இத்தகையதே. இந்நிலத்துக்கே உரிய இனம் 1920-களில் அற்றுப்போக, கொலராடோ மலைகளிலிருந்து 1964-இல் வேறு ஆடுகள் கொண்டுவரப்பட்டன. இன்று பினாக்கிள்ஸ் நுழைவாயிலருகே, கைப்பிடியளவு அகலமுள்ள மண்விளிம்பில் பதற்றமின்றி நிற்பவை அவற்றின் சந்ததி. ஸ்விஃப்ட் என்னும் சிறு நரி 2003-இல் திரும்பியது. மணிக்கு 55 மைல் ஓடவல்ல பிராங்ஹார்ன் மானுக்கு வேலியைத் தாண்டிக் குதிக்கும் பழக்கம் இல்லை. அடிக்கம்பியின் கீழ் ஊர்ந்து போகும். ஓட்டத்தில் இன்று அதனைத் துரத்திப் பிடிக்கும் பகைமிருகம் எதுவும் அக்கண்டத்தில் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என் கருத்தைக் கவர்ந்தது ஒரு சிறு பிராணியும், அதனைத் தின்று வாழும் இன்னொரு சிறு பிராணியுமே. பிரெய்ரி நாய் என்று பெயர் பெற்றாலும் அது நாயன்று. நம் அணிலுக்கு உறவான, கொழுத்த, குட்டைவால் கொறிவிலங்கு. வளைகளைத் தோண்டி ஆயிரக்கணக்கிற் கூட்டமாக வாழும். சேஜ் க்ரீக் மண்சாலையோரத்தில் ராபர்ட்ஸ் நகரம் எனப்படும் அவற்றின் குடியிருப்பில் காரை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், முதலில் எல்லாம் ஓடி ஒளியும். பிறகு மண்மேட்டுக்கொன்றாகத் தலை நீட்டும். ஒன்று பின்னங்கால்களில் நிமிர்ந்து, தலையைப் பின்னே எறிந்து, முன்னங்கைகளை வானத்துக்கு வீசி, உடம்பு முழுதும் எம்ப ஒரு கூவல் போடும். அடுத்த மேட்டிலிருப்பது அதையே செய்யும். அப்படியே அந்த எக்களிப்பு வெளி முழுதும் பரவி ஓயும். புல்லை ஒட்டக் கடித்து வைத்திருப்பதால் புதிதாகத் துளிர்க்கும் தளிருக்குப் பைசன்கள் அங்கே வரும். காலியான வளைகளில் ஆந்தைகள் குடியேறும். விரியன்களும் அவ்வளைகளில் தங்கும். கால்நடை வளர்ப்போர் கண்ணில் இதே பிராணி தம் மாட்டின் புல்லைத் தின்னும் திருடன். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசாங்கச் செலவிலேயே நஞ்சு வைத்து இவற்றைக் கொன்றார்கள். வறட்சிக் காலத்தில் மாட்டுக்காரர்களின் ஆற்றாமை நியாயமற்றதென்று தள்ளிவிடவும் முடியாது.

பிரெய்ரி நாய்கள் குறைந்ததும், அவற்றையே உண்டு அவற்றின் வளையிலேயே வாழும் கருங்கால் ஃபெரட் என்ற, கீரியின் சாயலுள்ள, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி அணிந்த பிராணி அழிவின் விளிம்புக்கு வந்தது. தெற்கு டகோட்டாவில் பிடித்துவைத்திருந்தவற்றிற் கடைசியானது 1979-இல் இறக்க, இனமே அற்றுப்போயிற்று என்று முடிவு கட்டினார்கள். 1981-இல் வயோமிங் மாநிலத்து மீட்டீட்சி என்ற ஊரில் ஒரு பண்ணைநாய் ஃபெரட் ஒன்றைக் கடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதால், எஞ்சிய சிறு கூட்டமொன்று வெளிப்பட்டது. அதிலும் நோய் புகவே, 1987-க்குள் மிஞ்சிய பதினெட்டையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். அவற்றில் ஏழின் வமிசமே இன்று இருப்பதில் ஏறத்தாழ எல்லாம். 1988-இல் உறையவைக்கப்பட்ட உயிரணுவிலிருந்து 2020 டிசம்பரில் குளோனிங் முறையில் ஒரு குட்டியையும் பிறப்பித்திருக்கிறார்கள். இப்பூங்காவில் ஃபெரட்டுகளை விட்டது 1994-இல்; அருகிலுள்ள கொனாட்டா படுகையில் 1996-இல்.

அத்துடன் கவலை ஒழிந்ததா என்றால் இல்லை. 1896-இல் பம்பாயைச் சூறையாடிய அதே உலகப் பிளேக், கப்பலேறி 1900-இல் சான்பிரான்சிஸ்கோவை அடைந்து, மேற்கத்திய எலியினங்களிற் குடிகொண்டு, மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து 2008-இல் கொனாட்டா படுகைக்கு வந்து சேர்ந்தது. அது பரவிய இடத்தில் பிரெய்ரி நாய்க் குடியிருப்புகள் சில வாரங்களிற் காலியாகிவிடும். ஆகவே வளை வளையாகத் தெள்ளுப்பூச்சி மருந்தைத் தூவுகிறார்கள். இரவு முழுதும் விளக்கொளியை வீசிக்கொண்டு வண்டியில் திரிந்து, ஃபெரட்டின் கண் பச்சையாக மின்னும் இடத்தைப் பார்த்து, பொறிவைத்துப் பிடித்துத் தடுப்பூசி போட்டு, அதே வளையில் விடுகிறார்கள். மனிதன் ஓராண்டு கையை எடுத்துவிட்டால் இந்தப் பிராணி அங்கே இராது. கைபடாத இயற்கை என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

மனிதர்களைப் பற்றிய அத்தியாயத்தை வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. 1868-ஆம் ஆண்டு லாரமிக் கோட்டை ஒப்பந்தத்தில் லக்கோட்டாக்களுக்கென்று உறுதி செய்யப்பட்ட நிலத்தை 1889-இல் துண்டுபோட்டார்கள். மறு ஆண்டில், மாண்டோர் மீள்வர், காட்டெருமை திரும்பும் என்ற நம்பிக்கையோடு ஆடப்பட்ட ஆவி நடனம் ஸ்ட்ராங்ஹோல்ட் என்ற தனித்த மேட்டில் நடந்தது. டிசம்பரில், சீ தாங்கா என்னும் தலைவர் நோயுற்ற நிலையில் தம் ஜனங்களோடு இந்தச் சுவரின் கணவாயொன்றில் இறங்கித் தெற்கே சென்றார். படையினர் வளைத்துக்கொண்டுபோய், 29-ஆம் தேதி வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்களும் குழந்தைகளும் அடங்கிய அக்கூட்டத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். மாண்டவர் தொகையை நூற்றைம்பதிலிருந்து முந்நூறு வரை சொல்கிறார்கள். சீ தாங்கா இறங்கிய கணவாயை இன்று வளைசாலையிலுள்ள ஒரு காட்சிமேடையிலிருந்து பார்க்கலாம். பெரும்பாலோர் அங்கே இரண்டு நிமிஷம் நிற்கிறார்கள்.

அதோடும் முடியவில்லை. 1942-இல், உலக யுத்தத்தின்போது, விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்கென்று லக்கோட்டாக்களின் பைன் ரிட்ஜ் ஒதுக்கிட நிலத்தில் சுமார் 3,42,000 ஏக்கரை யுத்த இலாகா எடுத்துக்கொண்டது. அங்கே குடியிருந்த 125 குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களில் டூயி பியர்ட் என்பவரும் ஒருவர். இளமையில் அமெரிக்கப் படையை எதிர்த்து லிட்டில் பிக்ஹார்ன் போரில் நின்றவர், வூண்டட் நீயில் காயம்பட்டுக் குடும்பத்தாரை இழந்தவர், கிழப்பருவத்தில் மறுபடியும் வீட்டை இழந்தார். மஞ்சள் வர்ணம் பூசிய பழைய கார்களை இலக்காக வைத்துச் சுட்டுப் பழகினார்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. 1968-இல் ராணுவம் தனக்கு வேண்டாமென்று விட்ட நிலத்தில் ஒரு பெரும்பகுதி, பழங்குடியினரின் சொத்தாக இருந்தபடியே, பூங்காவோடு சேர்க்கப்பட்டது; லக்கோட்டாக்களில் ஒரு பிரிவினரான ஓக்லாலாக்களும் பூங்கா இலாகாவும் 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சேர்ந்து நிர்வகிக்கும் தெற்குப் பிரிவு அதுதான். பூங்காவின் பரப்பில் அது பாதிக்கு மேல். அதனைப் பழங்குடியினரே நடத்தும் முதல் தேசியப் பூங்காவாக்கலாம் என்று 2012-இல் இருதரப்பும் திட்டம் வகுத்தன. அமெரிக்கக் காங்கிரஸ் அதற்கான சட்டத்தை இயற்றவில்லை. குண்டுவீசுவதற்கு ஆண்டொன்றுக்குள் எடுக்க முடிந்த நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சட்டசபைக்கு இத்தனை காலம் போதவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு எரிச்சலே உண்டாகிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு போகிறவர் தம் நேரத்தை எவ்வாறு பங்கிடுவது? இரண்டு மணி நேரமே உள்ளவர், நடுப்பகலைத் தவிர்த்தால் போதும். உச்சிவெயிலில் எல்லா நிறமும் வெளுத்துச் சுவர் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சம் பட்டால்தான் அடுக்குகள் தனித்தனியே எழும்பி நிற்கும். மே, ஜூன் மாதங்கள் பசுமையானவை. ஆனால் ஜூனில் இடியும் ஆலங்கட்டியும் சொல்லாமல் வரும். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சகஜம். ஒருநாள் முழுதும் இருப்பவர், மரக்கட்டை ஏணியில் ஏறிச் செல்லும் நாட்ச் பாதையில் நடக்கவேண்டும். உயரம் கண்டு அஞ்சுவோருக்கு மெடிசின் ரூட் புல்வெளிப் பாதை உண்டு. இப்பூங்காவில் பாதையை விட்டு விலகி எங்கு வேண்டுமானாலும் நடக்க அனுமதி இருப்பது அபூர்வமான சலுகை. கிலுகிலுப்பை விரியன் இருப்பதால் கண் தரையில் இருக்கட்டும்.

இரவு தங்க முடிந்தவருக்கு நான் சொல்வது சேஜ் க்ரீக் முகாம். கட்டணமில்லை, தண்ணீருமில்லை, புல்லில் தீப்பற்றும் என்பதால் பூங்கா முழுவதிலுமே திறந்த நெருப்பு மூட்டக்கூடாது. விடியற்காலத்தில் கூடாரங்களுக்கிடையே பைசன்கள் மேய்வது உண்டு. மழைக்குறி தென்பட்டால் மண்சாலை கம்போவாகுமுன் கிளம்பிவிடவேண்டும்.

இன்னும் ஒருநாள் கையிலிருந்தால் தெற்கே போகலாம். அங்கே வளைசாலையும் இல்லை, காட்சிமேடை வரிசையும் இல்லை; கோடையில் மட்டும் திறந்திருக்கும் வெள்ளை நதி வரவேற்பு நிலையத்தில் ஓக்லாலா ஊழியர்களிடம் வழி கேட்டு, தனியார் நிலத்தைக் கடக்க நேர்ந்தால் உரியவரிடம் அனுமதி பெற்று, மண்ணில் உலோகத்துண்டு எதைக் கண்டாலும் தொடாமல் போகவேண்டும். வூண்டட் நீ பூங்காவுக்கு வெளியே, இன்னும் தெற்கே இருக்கிறது. ஒரு சிறு குன்றின்மேல் கம்பிவேலிக்குள் பொதுப் புதைகுழி. பக்கத்தில் அவ்வூராரின் மயானம், இன்றும் உபயோகத்திலிருப்பது. படம் எடுக்க நினைப்பவர் அங்கே யாராவது இருந்தால் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கம்.